கடலுக்கு ஒரு சுற்று

முத்தையாபுரம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கனடாவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி மட்டும் ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கிறாள். எனக்கு பிரஷர் மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காயல்பட்டணத்துக்கு வந்திருக்கும் உன் தோழி ருமைஸா செவ்வாய்க்கிழமை திரும்புகிறாளாம். அவளிடம் பருப்புப்பொடியும் மக்ரூனும் கொடுத்துவிடுகிறோம். மக்ரூன் நொறுங்கியிருந்தால் அவளைச் சொல்லாதே, அம்மா கட்டிய கட்டு அப்படி. அதோடு இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாத விஷயம் இல்லை. ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ பரவாயில்லப்பா என்பாய். அப்படி யாரும் சொல்வதற்கு முன்னால் முழுவதையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ இரண்டு மெஷின் படம் அனுப்பி எதை வாங்க என்று கேட்டாய். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டின் தகரம் காற்றில் போய்விட்டது, ஆள் வர இரண்டு மாதம் ஆகும், நானே போடப்போகிறேன் என்றாய். நான் ரெண்டும் நல்லதுதான் என்று சொல்லி போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். முப்பது வருஷமாகத் தகரக்கூரை போடுகிறவன் சொல்லும் பதில் அல்ல அது. பதில் இதுதான். முதல் படத்தில் இருப்பது டிரில். அதன் கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கும். ஒரு எண்ணில் வைத்தால், அந்த அளவுக்கு இறுகியதும் வழுக்கி நின்றுவிடும். எங்கே போதும் என்பது அதற்குத் தெரியும். இரண்டாவது படத்தில் குட்டையாக இருப்பது இம்பாக்ட் டிரைவர். அதற்கு வளையம் கிடையாது. ஸ்க்ரூ லேசாகப் போகும்வரை சும்மா சுற்றும். இறுகத் தொடங்கியதும் உள்ளே ஒரு சுத்தியல் சுற்றிச் சுற்றி அடிக்கும், டகடகவென்று. பலம் அந்த அடியில்தான். கையை முறுக்காது, மணிக்கட்டு வலிக்காது. நீளமான ஸ்க்ரூவைக் கட்டையில் இறக்கவும் துருப்பிடித்ததைக் கழற்றவும் அதுபோல ஒன்று இல்லை. ஆனால் போதும் என்பதை நீதான் சொல்ல வேண்டும். விரலை எடுத்து.

ஆகஸ்ட் கடைசியில் நாங்களும் ஒன்று வாங்கினோம், நானும் ஆவுடையப்பனும். உனக்குச் சைக்கிள் பழக்கிவிட்ட அதே புதுக்கோட்டை சித்தப்பாதான். என்னைவிட நாலு வயது இளையவன், பதினெட்டு வருஷமாக என்னோடு ஒரே கூரையில் ஏறுகிறவன். வாங்கியதும் கிடைத்த முதல் வேலை கிருபாநிதி அண்ணாச்சியின் உப்புக் குடோன். நம் பக்கத்தில் கூரை வேலைக்காரன் எந்த நட்டை முடுக்கினாலும் கடைசியில் ஒரு சுற்று கூடப் போடுவான், அதற்குக் கடலுக்கு ஒண்ணு என்று பேர். உப்புக்காற்று எதையும் தளர்த்திவிடும் என்பதற்காக, கொக்கி போல்ட்டும் தார் வாஷரும் இருந்த காலத்தில் வந்த பழக்கம். வாயால் சொல்லிக்கொண்டேதான் முடுக்குவோம். ஸ்பேனரில் கையால் போட்ட அந்த ஒரு சுற்று எந்தக் கூரையையும் கெடுத்ததில்லை. மெஷின் வந்த பிறகும் நான் விடவில்லை. ஸ்க்ரூ தலைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் தகரத்தைத் தொட்ட பிறகும் விரலை எடுக்காமல், கடலுக்கு ஒண்ணு என்று சொல்லி முடிக்கும்வரை அடிக்க விட்டேன். முதல் நாளே ஆவுடையப்பன் சொன்னான், அண்ணே இதுக்கு அது வேண்டாம், இதுவே கடலுக்கும் மலைக்கும் சேத்துல்லா இறுக்குது என்று. நான், ஏலே நேத்து வாங்குன மெசினு, அதுக்குள்ள அதுக்கு வக்கீலா ஆயிட்டியா என்றேன். கீழே மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

கடல் பக்கத்துச் சரிவை நான் மூன்று நாளில் முடித்தேன். ரோட்டுப் பக்கம் அவனுக்கு ஐந்து நாள் ஆனது. மெஷினைக் குறைந்த வேகத்தில் வைத்து, வாஷர் தொட்டதும் நிறுத்தி, மிச்சத்தைக் கையால் முடுக்கினான். கூரை போடுதியா கோலம் போடுதியா என்று கீழே நின்று கேட்டேன், அண்ணாச்சி காதில் விழும்படி. அண்ணாச்சியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபரில் முதல் பெருமழைக்குக் குடோன் ஒழுகியது. உப்பு பாவம், ஒரு சொட்டுக்குக்கூடக் குழி விழும். மறுநாள் காலையில் குவியல் முழுக்கக் குழி, அடியில் உப்புத்தண்ணீர் கசிந்து வாசல்வரை வந்திருந்தது. அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இந்தப் பக்கத்துக்கு யார் ஸ்க்ரூ போட்டது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே ஆவுடையப்பன் பக்கம் திரும்பிவிட்டார். என்னைக் கைகாட்டி, சுடலைதான் அன்னைக்கே சொன்னானே, உனக்குக் கை ஓடலன்னு, தெரியாத வேலைய எதுக்கு தொடுத என்று கேட்டார். நான் விளையாட்டாகச் சொன்னது அங்கே சாட்சியாக நின்றது. ஆவுடையப்பன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். அண்ணாச்சி அடுத்த குடோன் வேலையும் எனக்குத்தான் என்றார். நான் தலையாட்டினேன்.

மழை விட்டதும் தனியாக ஏறினேன். என் வரிசையில் பத்து ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். நான்கில் ரப்பர் நசுங்கி, ஓரம் கிழிந்து, வெளியே பிதுங்கிக் கிடந்தது. இரண்டில் கீழே இருக்கும் இரும்பில் மரை தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றியது. பிறகு அவன் பக்கம் போய்ப் பத்து. எல்லாம் சரியாக இருந்தது. ரப்பர் தலையின் ஓரத்தில் மெல்லிய வளையமாக, அவ்வளவுதான் தெரிந்தது. இறங்கி வந்து யாரிடமும் சொல்லவில்லை. என் பக்கத்துக்கு மட்டும் பசை தடவினேன். ஒன்பது நாள் அப்படியே இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், உன்னோடு இரண்டு முறை போனில் பேசினேன். ஆவுடையப்பன் சித்தப்பா எப்படி இருக்காங்க என்று நீ கேட்டபோது நல்லா இருக்கான் என்று சொன்னேன். நீ இந்த மெஷினைப் பற்றிக் கேட்டதும் அந்த நாட்களில்தான். பத்தாம் நாள் மறுபடி மழை, மறுபடி ஒழுகல். அன்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு, போயி சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க என்றாள்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தேன். ஆவுடையப்பன் வீட்டில் அவன் மனைவி சுடலைமாடத்தி எனக்குக் காப்பி கொடுத்தாள். அவன் உட்காரவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, எனக்கு அன்னைக்கே தெரியும் என்றான். கீழ நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன், தொட்டதுக்கப்புறமும் ஒவ்வொண்ணுலயும் டகடகன்னு அடிக்க விட்டிய என்றான். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க சொல்லுவியன்னு பாத்தேன் என்றான். நாளைக்கு வேலைக்கு வா என்றேன். இங்கன வச்சு சொன்னா எனக்கு மட்டுந்தான் கேக்கும், அங்கன வச்சு சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம் என்றான்.

மறுநாள் டீ நேரத்தில் குடோனில் எல்லோரும் இருந்தார்கள். மூட்டை தைக்கும் பெண்கள், லாரிக்காரர்கள், அண்ணாச்சி. ஒழுகுவது நான் போட்ட பக்கம், ஆவுடையப்பன் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் கூட இறுக்கியது நான், அவன் பக்கம் ஒரு சொட்டும் இல்லை என்று சொன்னேன். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணாச்சி சத்தம் போடவில்லை. பதினெட்டு வருசம் கூட ஏறுனவன ஒரு வாஷருக்காவ விட்டுட்டியே சுடலை என்றார். மழை வெறிச்சதும் உன் பக்கம் மொத்தத்தையும் கழட்டு, அவன் வந்தா நீயும் ஏறு, அவன் வரலன்னா நீயும் ஏறாத என்றார். பெண்களில் ஒருத்தி, நாங்களும் சேந்துல்லா சிரிச்சோம் என்று முணுமுணுத்தாள்.

ஆவுடையப்பன் வந்தான். மெஷினை என் கையிலிருந்து கேட்காமலே வாங்கிக்கொண்டான். பழைய ஓட்டைக்கு ஒரு சுற்று பருமனான ஸ்க்ரூ, புது வாஷர். அவன் போட்டான், நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நாலு நாள். வெள்ளிக்கிழமை நல்ல மழை. இருவரும் உள்ளே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒழுகவில்லை. அவன் சரி என்றான். வேலையைத் தவிர வேறு எதுவும் அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் தனியாகத்தான் வைக்கிறான்.

உனக்கு நான் சொல்வது இதுதான். அங்கே இனி நிறைய மரவேலை வரும் என்றால் இம்பாக்ட் டிரைவரே வாங்கு. பதினெட்டு வோல்ட் போதும், கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாராக இருக்கட்டும், வேகம் மாற்றும் பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதே, பலம் அதிகமானால் தகரத்துக்கு ஆபத்துதான் அதிகம். பெரிய பேட்டரி ஒன்றைவிடச் சின்னது இரண்டு நல்லது, ஏணியில் நிற்கும் கைக்குத்தான் அந்த அருமை தெரியும். கடையில் கையை மேலே தூக்கி ஐம்பது எண்ணும்வரை பிடித்துப் பார். குளிரில் பேட்டரியை ஷெட்டில் போடாதே, வீட்டுக்குள் வை. இம்பாக்ட்டுக்கு என்றே விற்கும் பிட் வாங்கு, சாதாரண பிட் நுனி உடைந்து முகத்தில் அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள். சத்தம் அதிகம், காதுக்கும் மூடி வை. ஸ்க்ரூ நேராக இறங்கட்டும், வாஷர் தொட்டதும் விரலை எடு, மிச்சத்தைக் கையால் முடுக்கு. வேண்டாத கட்டையில் பத்து போட்டுப் பார்த்துவிட்டுக் கூரைக்குப் போ. ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் ஏறாதே, இது அம்மா எழுதச் சொன்னது.

நீ வேலையிலும் வீட்டிலும் நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு எந்தக் காயமும் வரக் கூடாது, அங்கே உன் வீட்டுக்குள் ஒரு துளி ஒழுகக் கூடாது. எங்கள் இருவரின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஆவுடையப்பன் சித்தப்பாவுக்கு ஒரு போன் போடு. எனக்காக எதுவும் பேசாதே. இரண்டு படத்தையும் அவனுக்கு அனுப்பி எது வாங்க என்று கேள். நான் எழுதியதில் தப்பு இருந்தால் அவன் சொல்வான். அவன் சொல்கிறபடி வாங்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
சுடலைக்கண்ணன்