இழுக்கும், ஆனால் நிற்காது

என் மாணிக்கம் அண்ணே,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தவரை எழுத வேண்டிய தேவை இல்லை, மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரே தகரக் கூரைக்குக் கீழேதானே இருந்தோம். நீ போன பிறகு எழுதத் துணிவு வரவில்லை. இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊரார் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நடந்தது உனக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாது.

முதலில் வீட்டுச் சேதி. உன் பேத்தி கவிதா ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறாள். ஆமாம், உனக்குப் பேத்தி இருக்கிறாள். அண்ணி வயிற்றில் நீ விட்டுப் போன பிள்ளை ராஜு, அவனுடைய மகள். செமாபோக்கில் கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறாள். சாமான்களை ஏற்ற ஒரு டிரெய்லரும் வாங்கி வண்டிக்குப் பின்னால் மாட்டப் போவதாகச் சொன்னாள்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையோடு, வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "பாட்டி, இதுல இழுக்கிற பாரத்துக்கு ரெண்டு அளவு போட்டிருக்கு. டிரெய்லருக்குத் தனியா பிரேக் இருந்தா ஒண்ணு. இல்லாட்டி அதுல பாதிகூட இல்ல. இஞ்சின் அதே இஞ்சின்தானே, ஏன் இப்படி?"

ராஜுதான் பதில் சொன்னான். "இழுக்க முடியறது வேற, நிறுத்த முடியறது வேறம்மா. எங்கப்பாவுக்கு அது தெரியல. இழுக்கும்னு சப்பான்காரன்கிட்ட மார்தட்டிட்டுப் போயி உயிரை விட்டாரு."

சோறு பிசைந்த கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது, அண்ணே. அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தவள் நான். அண்ணி அழுதுகொண்டே சொன்னாள். அக்கம்பக்கம் சொன்னது. உன் பிள்ளையும் அதைக் கேட்டே வளர்ந்தான். கடைசிவரை அவன் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. ஆயர் குரோவில் வேலைக்குப் போன காலம் முழுதும் பஸ்ஸில்தான் போய்வந்தான். தெரியுமா உனக்கு?

சப்பான்காரன் ஊருக்குள் வந்த இரண்டாம் வருஷம். நீ காய்கறி வியாபாரம் செய்த தவுக்கேயிடம், அந்தச் சீன முதலாளியிடம், ஓட்டிக்கொண்டிருந்த சின்ன லாரியை எடுத்துக்கொண்டார்கள். லாரியோடு உன்னையும் தங்கள் முகாமுக்கு எடுத்துக்கொண்டார்கள். பெட்ரோல் இல்லாமல், பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி அதன் வாயுவில் ஓட்டிய காலம். ஏற்றத்தில் அது இருமிக்கொண்டு ஏறும். நான் மூன்று மாதம் அவர்கள் பாஷை படித்துவிட்டு, அதே முகாம் ஆபீசில் தேநீர் கொடுக்கவும் கூப்பிட்டால் மொழிபெயர்க்கவும் சேர்ந்திருந்தேன். பதினேழு வயது. அரிசி கிடைக்கும் என்றுதான் அம்மா அனுப்பினாள்.

அந்தக் காலையை நீயும் மறந்திருக்கமாட்டாய். பெயர்த்தெடுத்த தண்டவாளத் துண்டுகள் ஒரு நாலுசக்கர டிரெய்லர் நிறைய அடுக்கியிருந்தன. எங்கோ ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் இழுத்த டிரெய்லர் அது. அதை உன் லாரியில் மாட்டி, புக்கிட் பாரு மேட்டு வழியாகத் துறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் சப்பான் அதிகாரி. நீ டிரெய்லரைச் சுற்றி வந்தாய். குனிந்து சக்கரங்களைப் பார்த்தாய். கொக்கியில் மாட்டியதும் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்தது, முன் சக்கரம் லேசாகத் தூக்கிக்கொண்டது. நீ முன்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தாய்.

"இழுக்குமா என்று கேள்" என்றார் அதிகாரி என்னிடம்.

கேட்டேன்.

நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "இழுக்கும் லெட்சுமி. மொத கியர்ல போட்டா இழுத்துரும். ஆனா நிக்காது. டிரெய்லருக்கு பிரேக் இல்ல. எறக்கத்துல அது நம்மளத் தள்ளும். பாதிய எறக்கச் சொல்லு, ரெண்டு நடையா கொண்டு போறேன்."

இவ்வளவு சொன்னாய். நான் அவரிடம் திரும்பி ஒரே வார்த்தை சொன்னேன். இழுக்கும்.

பிறகு? பிறகு நான் நிறுத்திவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. உன் தோளைத் தட்டினார். நான் முழுதும் சொல்லிவிட்டதாக நீ நினைத்தாய். "என்னவாம்?" என்று கேட்டாய். "அப்படியே கொண்டு போகணுமாம்" என்றேன். அப்புறம் பாரம் ஏற்றும் ஆட்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "டிரெய்லர்ல குந்துங்க. நான் கத்தினா யோசிக்காம குதிங்க" என்றாய். அவர்களில் ஒருவர் குப்புசாமி. அவர்தான் சாயங்காலம் முழங்கையில் ரத்தக் கட்டோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்று நடந்ததைச் சொன்னார்.

ஏற்றத்தில் உன் லாரி இழுத்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே, முதல் கியரில். இறக்கத்தில் பாதி வரும்போது டிரெய்லர் தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்க மிதிக்க லாரியின் பின்பக்கம் குறுக்கே போனதாம், ஸ்டீரிங் பிடிகொடுக்கவில்லையாம். "குதிங்கடா!" என்று நீ கத்தினாய். அவர்கள் குதித்தார்கள். கீழே முச்சந்தியில் மரவள்ளிக்கிழங்கு வாங்க வரிசையில் நின்றிருந்தது பெண்களும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம். நீ லாரியை இடப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் விட்டாய்.

"லாரி நின்னுருச்சும்மா," என்றார் குப்புசாமி அம்மாவிடம். "தண்டவாளம் நிக்கல."

அடுக்கியிருந்த துண்டுகள் முன்னால் பாய்ந்து நீ உட்கார்ந்திருந்த இடத்தில் புகுந்துவிட்டன.

மறுநாள் ஆபீசில் எழுதினார்கள்: ஓட்டுநரே முடியும் என்று சொன்னார், ஓட்டுநரின் தவறு. அதைத் தமிழில் வீட்டாருக்குச் சொல்லும்படி என்னிடமே கொடுத்தார்கள், உன் பங்கு அரிசியோடு. சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் அதை மட்டும் சரியாகச் சொன்னேன், அண்ணே.

இத்தனை வருஷமும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிவந்தேன். மூன்று மாதம் படித்த பாஷை. நிற்காது என்பதற்கு வார்த்தை தெரியவில்லை என்று. பொய். நில் என்ற சப்பான் வார்த்தை தெரியாத ஆள் மலாக்காவில் யார் இருந்தார்கள்? சந்திக்குச் சந்தி காவல்காரன் கத்தியது அந்த ஒரு வார்த்தையைத்தானே! எனக்கு வார்த்தை தெரியும். முந்தின நாள் அதே முற்றத்தில், முடியாது என்று சொன்ன ஒரு கிராணியை, ஆபீஸ் எழுத்தரை, அந்த அதிகாரி அறைந்ததில் கிராணியின் காதிலிருந்து ரத்தம் வந்ததை நான் பார்த்திருந்தேன். உன்னை அறைவாரோ என்று பயந்தேனா, என்னை அறைவாரோ என்று பயந்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

கனவில் நீ வருகிறாய். கோபமாக வந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். கொக்கியருகே நின்று, "என்னவாம்?" என்று கேட்கிறாய். அவ்வளவுதான். பகலிலும் எங்காவது பெரிய லாரி காற்றுப் பிரேக் போடும்போது மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது கேட்டால் நான் நடப்பதை விட்டு நின்றுவிடுவேன். பிள்ளைகள் எனக்கு முட்டி வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்று சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, ராஜுவின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கவிதா புத்தகத்தை மூடிவிட்டாள். ராஜு என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து வெளியே போய், வண்டிக்கருகில் நெடுநேரம் நின்றான். பிறகு போய்விட்டான். பத்து நாள் வரவில்லை, போனும் இல்லை. எனக்கு அது நியாயம்தான் என்று பட்டது.

பதினோராம் நாள் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அத்தே, அந்த எடத்தக் காட்டுங்க" என்றான்.

கவிதா ஓட்டினாள். புக்கிட் பாரு இப்போது உனக்கு அடையாளமே தெரியாது. சாலையை அகலப்படுத்தி, மேட்டைக் கரைத்து, இரண்டு பக்கமும் கடையும் வீடும். அறுபது வருஷமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை. எது அந்த மண்மேடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. "இங்கதான் எங்கேயோ," என்றேன். அழுகை வந்துவிட்டது.

ராஜு இறங்கினான். சரிவைக் கீழிருந்து மேல்வரை பார்த்தான். "எத்தன பேரு வரிசையில நின்னாங்களாம்?" என்று கேட்டான்.

"தெரியாதுப்பா. நெறய பேருன்னு குப்புசாமி சொன்னாரு."

"அப்பா என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். முழுதும். இன்னொரு முறை கேட்டான். இன்னொரு முறையும் சொன்னேன். அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன்; மனப்பாடம் செய்கிறான் என்று புரிந்தது. எனக்கு அவன் மன்னிப்புத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கவிதாவிடம் மட்டும், "தாத்தாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றான். அறுபத்தைந்து தாண்டிய மனிதன், அண்ணே, சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னான்.

வரும் மாதம் உன் திவசம். குப்புசாமி இப்போது இல்லை. அவர் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். காஜா பேராங்கில் உன்னைப் பற்றித் தவறாகக் கேள்விப்பட்ட குடும்பங்கள் எத்தனை மிச்சமோ அத்தனையையும் கூப்பிடுகிறேன். படையல் போட்டதும் எல்லோர் முன்னும் நானே எழுந்து நின்று சொல்வேன். பாதியில் நிறுத்தமாட்டேன். அதற்கு முன் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்தக் கடிதத்தைக் கவிதா படிப்பாள். சத்தியம்.

உன் பேச்சை விழுங்கிவிட்டு உன் பங்கு அரிசியும் தின்ற தங்கை,
லெட்சுமி