வலையை அறுத்த காலை

நாகப்பட்டினம்
5-11-1914

அன்புள்ள மச்சானுக்கு நூர்ஜான் சலாம் சொல்லி எழுதுவது.

சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் இப்போது பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதாம். கடைத்தெரு முழுக்க இதே பேச்சு. மீன்பிடிக்கப் போன படகுகள் என்னவாயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தபால்காரர் தெருவில் நுழைந்தாலே கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறேன். "அத்தா எப்பம்மா வருவாங்க?" என்று மகள் மஹ்பூபா கேட்கிறாள்.

கல்யாணமான நாளாய் நீங்கள் என்னைப் பினாங்குக்குக் கூப்பிடுகிறீர்கள். கப்பல் என்றாலே நடுங்கி நான் மறுத்தேன். இப்போது நான் கூப்பிடுகிறேன், வந்துவிடுங்கள். உயிரோடு இருந்தால் ஒரு வரியாவது எழுதுங்கள்.

நூர்ஜான்


பினாங்கு
16-11-1914

அன்புள்ள நூர்ஜானுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை மகளிடம் சொல்.

அன்று விடியும் நேரம் நானும் கூட்டாளி சுப்பையாவும் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கப்பல் எங்களைத் தாண்டித்தான் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அது சுட்டதில், நங்கூரமிட்டு நின்ற ரஷ்யக் கப்பல் இரண்டாய்ப் பிளந்து மூழ்கியது. தண்ணீர் முழுக்க ஆட்கள்.

கடலில் ஆள் தத்தளித்தால் வலையை அறுத்துவிட்டுக் காப்பாற்ற ஓடுவது இந்தக் கரையின் வழக்கம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் ஒன்றுதான். நானோ, "கரைக்குத் திருப்புடா, சுட்டுருவான்" என்றேன்.

"என்னண்ணே பேசறீங்க, ஆளு சாவறான் லா!" என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டுச் சுப்பையாதான் கத்தியை எடுத்து வலையை அறுத்தான்.

ஏழு பேரைத் தூக்கினோம். எட்டாவது ஆளின் கையை நான் பிடித்தேன். வெந்த தோல் என் கையோடு வந்துவிட்டது. பயந்துபோய் விட்டுவிட்டேன். பிறகு அவன் மேலே வரவில்லை. பேர்கூடத் தெரியாத அவனுக்காக இங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஜெர்மன் கப்பலை அழித்துவிட்டார்களாம். இருந்தும் நான் இன்னும் படகில் கால் வைக்கவில்லை. சுப்பையா தினமும் வாசலில் நின்று, "அண்ணே, வரீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போகிறான். ஊருக்கு வந்துவிட ஆசைதான். ஆனால் அதற்கும் கப்பல் ஏற வேண்டுமே. நேற்றுப் படகுத்துறை வரை போனேன். தண்ணீரைக் கண்டதும் திரும்பி வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

முகம்மது கனி


நாகப்பட்டினம்
29-11-1914

அன்புள்ள மச்சானுக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் என்றுதான் உங்கள் உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த எட்டாவது ஆளை நினைத்து எனக்கும் தூக்கமில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி புறப்படும் கப்பலில் நானும் மஹ்பூபாவும் வருகிறோம். என் அண்ணன் துணைக்கு வருகிறார். நேற்று அவர் தூரத்தில் நின்ற ஒரு கப்பலைக் காட்டினார். பார்த்ததற்கே வாந்தி எடுத்தேன். ஆனாலும் ஏறிவிடுவேன்.

நீங்கள் துறைமுகத்துக்கு வர வேண்டாம், மச்சான். சுப்பையா தம்பியை அனுப்புங்கள். எங்களை வீட்டுக்குக் கூட்டிவரட்டும்.

நூர்ஜான்