உடைந்த ஜெல்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

சுகம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. எந்நேரமும் உன் பேச்சுதான். நீதான் எங்களை அடியோடு மறந்துவிட்டாய்.

ஒரு சங்கடம். ஆலையில் வாயுவை உலர்த்தும் கோபுரத்தில் போட்ட சிலிக்கா ஜெல் மறுபடியும் உடைந்து மாவாகிவிட்டது. ஈரம் அப்படியே போய் வால்வில் பனியாக உறைகிறது. வேலை நின்று கிடக்கிறது. முதலாளி என்மேல் எரிந்து விழுகிறார். உன் கிடங்கில் நல்ல சரக்கு இருக்கிறதாமே. விலை குறைவாக எதைப் போடலாம் என்று எழுது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

ஈர வாயு நுழையும் பக்கம் தண்ணீர் பட்டாலும் சட்டென்று உடையாத அலுமினா உருண்டைகளைப் போடுங்கள். கோபுரத்தின் பெரும்பகுதிக்கு அதுவே போதும். வெளியேறும் பக்கம் மட்டும், மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும் மாலிகுலர் சீவ் மணிகள் மெல்லிய அடுக்காக இருக்கட்டும். கட்டுப்படியாகும்.

உங்கள் ஆலையில் வேலை பார்த்தபோது என் வீட்டுக்காரர் இதையேதான் அன்று உங்களிடம் சொன்னார். மூட்டை விலையை மட்டும் பார்த்து ஜெல்லை வாங்கினீர்கள். வால்வு உறைந்து குழாய் வெடித்ததும், ஆலை வாசலில் எல்லோர் முன்னாலும், "இவன் கவனிக்காம விட்டதுதான் காரணம்" என்று அவரைச் சுட்டிக்காட்டினீர்கள். வெடிப்பில் காயம்பட்ட கையில் கட்டோடு வேலையை இழந்து வெளியே வந்தார். அதன்பிறகு எந்த ஆலையும் அவரைச் சேர்க்கவில்லை.

சரக்கு தருகிறேன். அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால், ஜெல்லை வாங்கியது நீங்கள்தான் என்று சொல்லுங்கள்.

தங்கை


மார்ச் 13

அன்புத் தங்கைக்கு,

பழசை எதற்கம்மா கிளறுகிறாய்? என்னிடம் வேலை பார்ப்பவர்கள் முன்னால் நான் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது? அம்மா காதுக்குப் போனால் தாங்கமாட்டார். வேண்டுமானால் உன் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை காலிலேயே விழுகிறேன். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்.

அண்ணன்


மார்ச் 18

அண்ணாவுக்கு,

யார் காலிலும் நீங்கள் விழ வேண்டாம். உங்கள் முதலாளியே கிடங்குக்கு வந்திருந்தார். ஜெல்லை வாங்கியது யார் என்று கேட்டார். அன்றும் இப்போதும், இரண்டு முறையும் நீங்கள்தான் என்றேன். என் வீட்டுக்காரர் பொறுப்பில் கோபுரத்தை நிரப்பினால்தான் சரக்கு இறங்கும் என்றும் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

"விட்டுடு, உங்க அண்ணன்தானே" என்றார் இவர். அவருக்கு மன்னிக்க வருகிறது. எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை லாரி வரும். ஆட்கள் அவர் சொன்னபடி செய்ய வேண்டும், நீங்களும்தான். வாசலில் உங்களைக் கண்டால் வணக்கம் வைப்பார். அது அவர் சுபாவம்.

நானும் லாரியில் இருப்பேன். இறங்கமாட்டேன். உங்கள் முகம் அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.