தொப்பிக்காரியின் கதையை வாசித்துவிட்டேன், மச்சாள்

என் ஆசை மச்சாளுக்கு,

நீங்கள் வாசிக்கச் சொன்ன புத்தகத்தை முந்தாநாள் முடித்துவிட்டேன். உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்மனில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வர எழும்பினேன். சப்பாத்தும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கதவடியிலேயே இருந்து அழுதேன்.

என் வீட்டுப் பக்கத்துக் குரோருட் நூலகத்தில் அதைக் கண்ட நாள் நினைவிருக்கிறதா? வருத்தம் முற்றி, மருந்தால் தலைமயிர் கொட்டி, பட்டுத்துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். புத்தகத்தின் அட்டையில் ஒரு கறுப்பினத் தம்பதி, பழைய அமெரிக்காவின் ஏதோ ஒரு நகரத்தில் தங்கள் சொந்தத் துணிக்கடைக்கு முன்னால் நின்றார்கள். அவருக்கு மணிக்கூட்டுச் சங்கிலி. அவளுக்கு இறகு வைத்த பெரிய தொப்பி.

"இந்த மனிசியின்ர எடுப்பைப் பாருமன் வதனி! புருசனோட சண்டை பிடிக்காமல் இந்தத் தொப்பியை வாங்கியிருப்பாளே?" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் நூலகமே திரும்பிப் பார்த்தது.

வழக்கத்தில் நீங்கள் வாசித்த பிறகுதான் புத்தகம் எனக்கு வரும். அன்றைக்கு, எழுத்து கண்ணில் நிற்குதில்லை என்று அதை என் மடியில் வைத்தீர்கள். "நீர் வாசிச்சுப்போட்டு எனக்குச் சொல்லும். அவள் எப்பிடிக் கடை போட்டவள், என்ன வித்தவள், ஒண்டும் விடக்கூடாது." ஓம் என்றேன். நான் தொடங்க முதலே நீங்கள் போய்விட்டீர்கள்.

அந்தப் புத்தகத்தில் உங்களுக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். உங்கள் கேக் கடையைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாளே, அன்றைக்கு நானும் அங்கே நின்றேன். ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் போட்ட அடுக்குக் கேக்கை நடுவில் வைத்து, ஊதாச் சேலை கட்டி, நகையெல்லாம் போட்டு நின்றீர்கள். அவள் கேக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாம் போரும் செல்லடியும் ஓட்டமும்தான். கடைசியில் படம் எடுக்கும்போது, கொஞ்சம் சிரிக்காமல் நிற்க முடியுமா என்று கேட்டாள். அவள் போன பிறகு நீங்கள் கேக்கின் மேல் அடுக்கை வெட்டி என் வாயில் திணித்துவிட்டுச் சொன்னீர்கள்: "நாங்கள் நல்லாய் இருக்கிறதைப் பாக்க ஒருத்தருக்கும் விருப்பமில்லையடி."

சரி, கதைக்கு வருகிறேன். ஏமாந்துபோனேன் மச்சாள்.

உங்கள் தொப்பிக்காரி இரண்டாம் அத்தியாயத்திலேயே தொப்பியை விற்று ஏழைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஓர் ஆசையும் இல்லை. புருசன் பொண்டாட்டி ஒருநாளும் கொழுவிச் சண்டை பிடிப்பதில்லை. கணவர் வாயைத் திறந்தால் நல்லுபதேசம், அவள் கண்ணைத் திறந்தால் கண்ணீர். கடையில் என்ன துணி விற்றார்கள், கடன் கேட்டு வந்தவர்களை எப்படிச் சமாளித்தார்கள், எந்த வாடிக்கையாளரை அவள் உள்ளே போய்த் திட்டினாள்? ஒன்றும் இல்லை. பாதிப் புத்தகத்தில் வெள்ளையர் கூட்டம் வந்து கடையையும் வீட்டையும் கொளுத்துகிறது. மீதிப் புத்தகம் முழுக்க நெருப்பு.

எரித்ததை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி எரிந்த ஊர்கள் இருந்தன. எங்களுக்கும் எரிந்த வீடுகள் உண்டு. ஆனால் அந்த வீட்டில் என்ன இருந்தது, யார் இருந்தது என்று தெரியாமல் நான் எப்படி அழுவது? நெருப்புக்காக மட்டும்தான் அவர்களைக் கட்டி வைத்தாரோ அந்த எழுத்தாளர்? புத்தகத்தை மூடினேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதுதான் எனக்குத் துக்கமாக இருந்தது.

இனிச் சொல்லப்போவதற்கு நீங்கள் கோபிப்பீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறோம். அந்தியேட்டிக்கு வந்து சாப்பிட்டுப் போகிற சனத்தின் கையில் கொடுப்போமே, அந்தப் புத்தகம்தான். முன்னுக்குப் படம், உள்ளே தேவாரம், பிறகு போனவரைப் புகழ்ந்து பாட்டு. "கல்வெட்டை வாசிச்சால் யாழ்ப்பாணத்தில ஒரு கெட்ட மனுசரும் சாகேல்லைப் போல கிடக்கு" என்று பகிடி பண்ணுவீர்கள். இப்போது உங்களுடையது. என் அண்ணா, உங்கள் மனுசன், யாரிடமோ எழுதுவித்து வைத்திருக்கிறார்: பொறுமையின் வடிவம், அதிர்ந்து பேசாதவள், துன்பமே வாழ்வாய்ச் சுமந்தவள்.

நீங்கள்! அதிர்ந்து பேசாதவள்! ரொம்மனில் நீங்கள் கதைத்தால் குரோருட்டில் எனக்குக் கேட்கும்.

முன்னுக்குப் போட அவர் எடுத்து வைத்த படத்தையும் பார்த்தேன். நோர்வேக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த படம். கன்னம் ஒட்டி, கண் வெறித்து, யாரோ ஒரு பெண். நேற்றுக் காலை நேரே போய் அண்ணாவோடு சண்டை பிடித்தேன்.

"ஏன் அண்ணா இந்தப் படம்? கடைக்கு முன்னால நான் எடுத்த, ஊதாச் சேலையோட சிரிக்கிற படம் எங்கை?"

"செத்தவீட்டுப் புத்தகத்தில பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறதே? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்கட்டும். மச்சாள் அதைத்தான் விரும்பியிருப்பா. இந்தப் பாட்டில இருக்கிறது ஆர்? எனக்குத் தெரியாத ஒரு மனிசி."

அண்ணாவைப் பார்த்தேன். நீங்கள் வாங்கிய அந்தப் பெரிய கதிரையில், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் இருக்கிறார். பாதிக் கதிரையை உங்களுக்கு விட்டு வைத்திருக்கிறார்போல.

"எனக்கு ஏலாது பிள்ளை," என்றார் பிறகு. "அந்தச் சிரிக்கிற படத்தைப் பாத்தால் இப்ப குசினிக்குள்ள இருந்து கத்தப்போறாள் எண்டு இருக்கு. பிறகு கத்துறாள் இல்லை. இந்தப் படத்தில இருக்கிறவளை எனக்கும் அவ்வளவாய்த் தெரியாது. நான் கலியாணம் கட்ட முதல் எடுத்தது. அதாலதான் பாக்கக்கூடியதாய்க் கிடக்கு."

சண்டைக்கென்று வந்தவள், அவர் பக்கத்தில் இருந்து சேர்ந்து அழுதேன். உங்களைப் பெரிய தெய்வமாக்குகிறார் என்று நினைத்து வந்தேன். அந்த மனுசன் உங்களைப் பார்க்க முடியாமல் ஒளித்து வைத்திருக்கிறார். அந்த எழுத்தாளருக்கும் இப்படி ஏதாவது இருந்திருக்குமோ? யாருடைய சிரிப்பையாவது நினைக்க முடியாமல்தான் அவ்வளவு நெருப்பைப் போட்டாரோ? தெரியாது மச்சாள். அப்படியென்றாலும் தொப்பியை விற்றதை நான் மன்னிக்கமாட்டேன்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நான் வெளிக்கிடும்போது அண்ணா அறைக்குள் போய் ஒரு படத்தைக் கொண்டு வந்தார். கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கல்வெட்டின்ர கடைசிப் பக்கம் உன்ர. இதைப் போடு. என்னத்தையும் எழுது, நான் கதைச்சதையும் எழுது. அவள் பொய்யெண்டால் பத்தி எரிவாள். அச்சடிச்ச பிறகு நான் மெல்ல மெல்லப் பாக்கிறன்."

ஆகவே இந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருக்கிற சனங்களே, உங்களுக்கும் சொல்கிறேன். மேலே ஊதாச் சேலையில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறவள்தான் என் மச்சாள். நகை என்றால் உயிர். கேக்குக்கு விலை குறைக்கச் சொன்னால் முகத்துக்கு நேரே சிரிப்பாள், குறைக்கமாட்டாள். அண்ணாவோடு கொழுவாத நாள் இல்லை, அவருக்கு ஊட்டிவிடாத நாளும் இல்லை. போரையும் கண்டவள், அதை ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் நல்லாய் வாழ்ந்தவள். அழுகை வந்தால் அழுங்கள், யாருக்காக அழுகிறோம் என்று தெரிந்துகொண்டு அழுங்கள்.

மச்சாள், புத்தகத்தை நாளைக்கு நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதில் நீங்கள் தேடிய மனிசி இல்லை. ஆனால் உங்களைப் பற்றி யார் கேட்டாலும், எத்தனை வருசம் போனாலும், கேக்கில் இருந்துதான் தொடங்குவேன். இது சத்தியம். உங்கள் தொப்பியை விற்க நான் ஒருவரையும் விடமாட்டேன்.

உங்களோடு கொழுவ ஆளில்லாமல் இருக்கும்,
உங்கள் மச்சாள்
வதனி