தையலுக்கு விட்ட அரை அங்குலம்

மார்ச் 3, செவ்வாய்

தையல் மெஷினுக்குள் இருக்கும் பல்சக்கரம் போன வாரம் இரண்டாக உடைந்தது. இந்த மாடலே இப்போது வருவதில்லை என்று மூன்று கடைகளில் கைவிரித்துவிட்டார்கள். நாலாவது கடைக்காரர்தான் நூலகத்துக்குப் பின்னால் ஒரு பொதுப் பட்டறை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்றார்.

போனேன். பழைய பேப்பர் குடோன் போல நீளமான கூடம். யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தக் கருவியையும் எடுக்கலாம், எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நடத்துகிறவள் வெல்டிங் வேலை செய்பவள். எல்லோரும் வெல்டிங் அக்கா என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன், என்னைவிட ஐந்து வயது சின்னவளாக இருப்பாள். உடைந்த இரண்டு துண்டையும் வாங்கி ஒட்டவைத்துப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். உலகத்தில் எங்கேயோ யாருக்கோ இதே சக்கரம் உடைந்து, அவர் அதை அளந்து, வரைந்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார்! த்ரீ-டி பிரிண்டர் நாற்பது நிமிடம் முனகியது. சக்கரம் வந்துவிட்டது. முகம் தெரியாத அந்த ஆள் மட்டும் எதிரில் நின்றிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் தம்பிக்குக் கடிதம். செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலை. வீட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்துக் கொடுத்தது போக, இனி நேரில், முழு நாள், தனி மேசை. ஏப்ரல் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"முடியாதுன்னு எழுதிடு" என்றான்.

"ஏன்டா?"

"மதியம் யாரு எனக்கு ஊட்டுவாங்க? ஆசிரியரா?"

மார்ச் 4, புதன்

அவனுக்குத் தசை வலுவிழக்கும் நோய். விரல்கள் பரவாயில்லை, மோட்டார் நாற்காலியைத் தானே ஓட்டுவான், தட்டச்சு செய்வான். தோள்தான் கையைத் தூக்குவதில்லை. நாலு வருடமாக மூன்று வேளையும் நான் ஊட்டுகிறேன். முடித்து, வாய் துடைத்து, தட்டு கழுவி நான் உட்காரும்போது என் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். அது பழகிவிட்டது. மற்ற உதவிக்கு அலுவலகத்தில் ஆள் தருகிறார்கள். ஆனால் என்னைத் தவிர வேறு யாருக்கும் வாய் திறக்க மாட்டான். முப்பத்திரண்டு வயசுக்காரனை நான் எப்படி வற்புறுத்துவது?

சண்டை போட்டோம். நான்தான் அதிகம் கத்தினேன்.

மார்ச் 7, சனி

சக்கரத்தை மறுபடி மறுபடி நினைத்தேன். எனக்கு உடைந்தது எங்கேயோ ஒருவருக்கும் உடைந்திருந்ததே. அப்படியானால் தோள்?

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். வெல்டிங் அக்கா சிரிக்கவில்லை. "தேடுவோம்" என்றாள். கிடைத்தது! கையைத் தாங்கும் ஒரு கருவி. இரண்டு கம்புகள், நடுவில் ரப்பர் பட்டைகள். பட்டைகள் கையின் எடையைச் சுமந்துகொள்ளும், மனிதர் லேசாகத் தள்ளினால் போதும், கை மேலே வரும். ஆனால் அவன் நாற்காலிக்கு அப்படியே பொருந்தாது, கை வைக்கும் தொட்டியும் சரியில்லை. அதை நாமே புதிதாக வரையலாம் என்று பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் சொன்னார். பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்துவிடுகிறவராம்.

வாசலுக்கு எதிரில் ஒரு அலமாரி. உடைந்ததும் வளைந்ததும் உருகியதுமாக வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: என்ன தப்பு, ஏன் தப்பு, செய்தவர் கையெழுத்து. "இங்க தப்புப் பண்ணவங்கதான் பெரிய ஆளு" என்றாள் வெல்டிங் அக்கா. நன்றாகத்தான் இருக்கிறது, நமக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

டேப்பை எடுத்துக்கொண்டு தம்பி முன்னால் போய் நின்றேன். "சட்டையா?" என்றான். "இல்ல, ரெக்கை" என்றேன். முறைத்தான், ஆனாலும் அளக்க விட்டான்.

சாயங்காலம் பட்டறை. டீச்சர் வரைகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொல்கிறேன். எவர் கையின் அளவைக் கொடுத்தாலும் தொட்டி அதற்கேற்ப மாறிக்கொள்கிற மாதிரி வரைகிறார். கெட்டிக்காரர்! "கையோட அகலத்துக்கு மேல எவ்வளவு விடணும்?" என்று கேட்டார். "பக்கத்துக்கு அரை அங்குலம்" என்றேன். யோசிக்கவே இல்லை. இருபது வருட அனுபவம் சும்மாவா!

மார்ச் 12, வியாழன்

நாள் முழுக்க ரப்பர் பட்டை, என் கையைத் தளரவிட்டு வைத்துப் பார்த்தோம். எட்டு போட்டால் கை விழுகிறது, பன்னிரண்டு போட்டால் வணக்கம் வைக்கிறது. பத்து.

மார்ச் 14, சனி

எப்படி எழுதுவது! கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அவனையே பட்டறைக்கு அழைத்துப் போனேன். நாற்காலியில் கருவியை மாட்டினோம். கையைத் தொட்டியில் வைத்ததும் தொட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, கை உள்ளே உருண்டது. இளைத்துவிட்டான் போல. அதற்கென்ன, பஞ்சு அடைத்து ஒரு சின்ன மெத்தை தைத்து உள்ளே வைத்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

"தள்ளுடா" என்றேன். தள்ளினான். கை எழுந்தது. மெதுவாக, தானாக, நெஞ்சைத் தாண்டி, முகத்துக்குப் பக்கத்தில். எல்லோரும் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள். அவன் என்ன செய்தான் தெரியுமா? மூக்கைச் சொறிந்துகொண்டான். ஒரு நிமிடம் முழுக்க, கண்ணை மூடிக்கொண்டு, சுகமாகச் சொறிந்தான்.

"நாலு வருஷமா அரிக்குது" என்றான்.

வெல்டிங் அக்கா முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டாள். வெல்டிங் எதுவும் நடக்கவில்லை. அழுதிருக்கிறாள், கள்ளி.

மார்ச் 15, ஞாயிறு

ஆறு கரண்டி தானே சாப்பிட்டான். ஏழாவது மடியில். பரவாயில்லை!

நம் வரைபடத்தையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமாம், அது அங்கே வழக்கம். இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போடலாமே என்றார் டீச்சர். நான்தான் கேட்கவில்லை. எங்கேயோ ஒருவர் இன்றைக்கே மூக்கு அரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே! போட்டாயிற்று. கீழே என்னைப் பற்றி ஒரு வரி: "தையல்காரி."

மார்ச் 19, வியாழன்

நாற்பத்தொரு பேர் எடுத்திருக்கிறார்கள். நாற்பத்தொன்று! தைத்த துணி வாங்க வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாவாடைக்கு ஜிப் மாற்ற வந்த பெண்ணை அரை மணி நேரம் நிற்கவைத்துவிட்டேன்.

தம்பிக்குத்தான் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. மெத்தை வழுக்கிக்கொண்டே போகிறது, கை வியர்க்கிறது, சாயங்காலமானால் வீங்கியும் விடுகிறது. பத்து நிமிடத்தில் ஒரு வேளைச் சாப்பாடு முடியாது. அலுவலகத்தைப் பற்றிக் கேட்டேன். பேச்சை மாற்றினான்.

மார்ச் 24, செவ்வாய்

டீச்சர் போன் செய்தார். குரலே சரியில்லை. ஒரு கடிதம் வந்திருக்கிறது, வேறு நாட்டு மொழி, கம்ப்யூட்டர் பெயர்த்துக் கொடுத்திருக்கிறது. எழுதியவர் ஒரு தச்சர். மனைவிக்காக நம் கருவியைச் செய்தாராம். மரத்தில், அழகாக. சூப் கிண்ணத்தைத் தூக்கும்போது கை தொட்டிக்குள் உருண்டுவிட்டது. சூடான சூப், மடியில்.

"தொட்டி ஏன் கையைவிட ஒரு அங்குலம் பெரிதாக இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

மெத்தை. மெத்தையைப் பற்றி நான் எழுதவே இல்லையே. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். யாருடைய மடியோ வெந்திருக்கு, நான் இங்க ஜிப் தைக்க வந்தவகிட்ட பெருமையடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

மார்ச் 25, புதன்

ஒரு தையல் போடவில்லை.

மறுபடி டேப்பை எடுத்தேன். அவன் இளைக்கவே இல்லை. கையின் அகலம் போன தடவை எழுதிய அதே அளவு. தொட்டியை அளந்தேன். சரியாக ஒரு அங்குலம் கூடுதல். பக்கத்துக்கு அரை.

பக்கத்துக்கு அரை. தையலுக்கு விடுவது! துணியில் அது மடிப்புக்குள் போய்விடும், வெளியே தெரியாது. பிளாஸ்டிக்கில் யார் மடித்துத் தைப்பது? இருபது வருட அனுபவமாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தம்பியிடம் சொன்னேன். சிரித்து உருளுவான் என்று பார்த்தேன். "அச்சான பிறகு கண்ணுல படற பிழைதான் பெரிசாத் தெரியும்" என்றான். "போய்த் திருத்து. அழிச்சுட்டு ஓடிடாத."

மார்ச் 26, வியாழன்

அழித்துவிடச் சொல்லத்தான் போனேன், அவன் சொல்லியும். வெல்டிங் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அழிச்சா, ஏற்கெனவே எடுத்தவங்களுக்கு யாரு சொல்றது? ஐம்பத்தெட்டு பேர் ஆயிடுச்சு."

நியாயம்தான். டீச்சர் சத்தம் போடாமல் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். எழுதினேன். வரைபடத்துக்கு மேலே, முதல் வரியிலேயே: இதைச் செய்யாதீர்கள், செய்தவர்கள் நிறுத்துங்கள், தொட்டி ஒரு அங்குலம் பெரியது, தப்பு என்னுடையது, இதனால் ஒருவருக்குச் சூடு பட்டது. எடுத்த அத்தனை பேருக்கும் அது போய்ச் சேர்ந்தது. தச்சருக்குத் தனியாக எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், ஏன் அப்படி ஆயிற்று என்று சொன்னேன், உங்கள் மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

பிறகு எங்கள் முதல் தொட்டியை எடுத்துப்போய் அந்த அலமாரியில் வைத்தேன். அட்டையில் கையெழுத்துப் போடும்போது வெட்கமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உருகிப்போன ஒரு இரும்புத் துண்டு இருந்தது. கையெழுத்தைப் பார்த்தேன். வெல்டிங் அக்கா.

மார்ச் 28, சனி

பதில்!!

தச்சரின் மனைவிக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் சிவந்திருந்ததாம், ஆறிவிட்டது. அப்பாடா. அதைப் படித்த பிறகுதான் மூச்சே வந்தது.

அதற்குப் பிறகுதான் விஷயம். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்: "நீங்கள் தையல்காரர் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். துணியில் உள்ளே விடும் இடம், உடம்பு பெருத்தால் பிரித்துவிடத்தானே என்றாள். அவளுக்கும் மாலையில் கை வீங்கும். அதனால் உங்கள் அரை அங்குலத்தை நான் வெட்டி எறியவில்லை. தொட்டியின் சுவரை நீளவாக்கில் பிளந்து, வார் கோத்திருக்கிறேன். காலையில் இறுக்குகிறாள், மாலையில் தளர்த்துகிறாள். மெத்தை வேண்டாம். படம் இணைத்துள்ளேன். உங்கள் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

படத்தில் இரண்டு பேர். அவள் கையில் கிண்ணம், அவர் பத்தடி தள்ளி நிற்கிறார். தைரியசாலிதான்!

தலைகால் புரியாமல் பட்டறைக்கு ஓடினேன். டீச்சர் ஏற்கெனவே வரைய உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

புதுத் தொட்டி. வார் நான் தைத்தது, இரண்டு வரிசைத் தையல். முதலில் மணல் மூட்டையை வைத்துத் தூக்கிப் பார்த்தோம், இருநூறு தடவை. பிறகு வெல்டிங் அக்காவின் கை. பிறகுதான் தம்பியின் கை. இந்தத் தடவை அவசரப்படவில்லை, அவசரப்பட்டதற்கான அட்டை எதிரிலேயே இருக்கிறது.

மதியச் சாப்பாடு முழுதும் சாப்பிட்டான். நாற்பது நிமிடம். வாய் துடைக்கப் பக்கத்தில் போனேன். "தள்ளி நில்லு" என்றான். தள்ளி நின்றேன். என் கைதான் சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என்னமோ செய்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் தானே பல் துலக்கினான். கண்ணாடி முழுக்கப் பேஸ்ட்.

ஏப்ரல் 8, புதன்

அலுவலகத்துக்கு எழுதிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. ஆசிரியரின் பதில் வந்த பிறகு சொன்னான்: திங்கள்கிழமை, பத்து மணி. "முன்னாடியே சொன்னா நீ ஊருக்கே சொல்லிடுவ" என்றான். உண்மை.

ஏப்ரல் 13, திங்கள்

ஒன்பதரைக்குக் கிளம்பினான். நீலச் சட்டை, நான் தைத்தது. கருவியை மடக்கி நாற்காலியில் மாட்டினேன். தெருமுனை வரை கூட வருகிறேன் என்றேன், முறைத்தான். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டேன்.

பத்துக்கு மேல் மூன்று கால்சட்டைகளுக்கு ஓரம் அடித்தேன். மெஷின் நன்றாக ஓடுகிறது. டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார்: புது வரைபடத்தை ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தைகளுக்காகச் சிறிதாக்கியிருக்கிறாராம், எந்த நாடு என்றுகூடத் தெரியவில்லை. என் அரை அங்குலம் அங்கேயும் இருக்கிறது, பிள்ளைகள் வளர்வார்களே, அதற்காக அப்படியே விட்டிருக்கிறார்.

ஒரு மணிக்கு அடுப்பை அணைத்தேன். பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். போனில் தம்பி: "சாப்பிட்டாச்சு. சட்டையில ஒரு சொட்டு. யாரும் பார்க்கல."

இரண்டு தடவை படித்தேன். பிறகு கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கரண்டி நிறைய எடுத்து, வழக்கம்போல ஊதாமல் வாயில் வைத்தேன்.

நாக்கு சுட்டுவிட்டது.