கையால் சுற்றும் றேடியோ

சிவமயம்

பேர்கன், நோர்வே
கார்த்திகை 1993

அன்புள்ள ஞானாம்பிகைக்கு,

நீரும் மாமியும் சுகமாயிருக்கச் சன்னதி முருகனை வேண்டுகிறேன். எனக்கு இருமல் குறைந்துவிட்டது.

நான் சாப்பாடு பரிமாறும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இருக்கிறார். ஜேர்மன்காரர் இந்நாட்டைப் பிடித்திருந்தபோது அவர்களை எதிர்த்த இயக்கத்துக்காக வேவு பார்த்தவர். பிறகு பௌதிக விஞ்ஞானியாகிப் பல கருவிகளைக் கண்டுபிடித்தாராம். அங்கே பற்றரி கொண்டுவர ஆமி தடையென்பதால் நீர் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்பதைச் சொன்னேன். கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவரும் காட்டுக்குள் அப்படித்தான் கேட்டாராம். மறுவாரமே கையால் சுற்றிக் கேட்கும் சின்ன றேடியோ ஒன்றைச் செய்து தந்தார்.

"பாணைக் குடைஞ்சு உள்ளுக்கை வைச்சு அனுப்பும், நாங்கள் அப்படித்தான் கடத்தினனாங்கள். ஒருத்தனும் பிடிக்கமாட்டான்," என்றார்.

"பௌதிகம் படிச்சு என்னத்தைக் கிழிச்சனீர்?" என்று உமது அண்ணை என்னைச் சபையில் கேட்டதை நான் மறக்கவில்லை. இதை அவர் முன்னால் வைக்க ஆசைதான். ஆனால் வவுனியா ஆமிச் சென்றியில் பிடிபட்டால், இந்தக் கடிதத்தோடு ஊருக்கு வரும் மகாதேவி அக்காவை உள்ளே போடுவார்கள். இதே வேலைக்குக் கிழவருக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். நம்மவருக்கு ஏன் மறியல்வீடு என்று கேட்டேன்.

"நீர் எந்தப் பக்கம்?" என்று திருப்பிக் கேட்டார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

றேடியோவை அனுப்பவில்லை, குறை நினையாதேயும். அக்கா திரும்பும்போது கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். நீர் எத்தனை மணிக்குச் சைக்கிளைச் சுற்றுகிறீர் என்றும் எழுதும். இந்த றேடியோவில் இங்கே வருவது நோர்வேச் செய்தி, பாதி விளங்காது. என்றாலும் அந்த நேரத்துக்கு நானும் சுற்றுவேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உமது
தில்லைநாதன்