இடியப்பம் சாப்பிட்ட செய்தி

வால்தம்ஸ்டோ, லண்டன்
ஏப்ரல் 14

அன்பு மகள் ஷெறோனுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் அவ்வளவு சுகமில்லை. நீயும் வெலிங்டனில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிர் படாமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வர வேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறேன். நேற்றுத்தானே வீடியோவில் கதைத்தோம், பிறகேன் அம்மா கடதாசியில் எழுதுகிறா என்று யோசிப்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது மகள், அதனால்தான். பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நீ விட்டுவிட்டுப் போன பாம்புக்குட்டி, உன் இடியப்பம், நன்றாகச் சாப்பிடுகிறது என்று ஐந்து ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து சொன்னேனே, அது முழுப் பொய். அந்த ஐந்து கிழமையும் அது வாயைத் திறக்கவேயில்லை.

நியூசிலாந்துக்குள் பாம்பு கொண்டுபோக விடமாட்டார்கள், எடுப்பதாகச் சொன்ன உன் சிநேகிதியும் வீட்டுக்காரர் விடுகிறாரில்லை என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். விமானம் ஏறும் அன்று காலை அந்தப் பெட்டியை உன் அறையில் வைத்து, இரண்டு பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்துவிட்டு நீ அழுதாய். பாம்பை விட்டுப் போகிறாய் என்று அழுதாயோ எங்களை விட்டுப் போகிறாய் என்று அழுதாயோ, நான் கேட்கவில்லை, ஓம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, சப்பாத்து நாடா மாதிரி ஒரு சாமான், அதற்குச் சாப்பாடு கொடுப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் நான். கரட்டைத் தொடாத பிள்ளை, பாண் கரையைத் தின்னாத பிள்ளை, பட்டாணியை மேசைக்குக் கீழே எறிகிற பிள்ளை, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று சாப்பிட வைத்த எனக்கு இது எந்த மூலைக்கு என்று நினைத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை பிறீசரைத் திறந்தால், இடியப்பத்துக்குச் சாப்பாடென்று நீ வாங்கி உறையவைத்துவிட்டுப் போன எலிக்குஞ்சுப் பெட்டியைக் காணவில்லை. தவக்கால வெள்ளி, இறைச்சி இல்லை, றால் குழம்பு வைப்போம் என்று அப்பா அதை எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார். சட்டிக்குள் வெங்காயம் வதங்குகிறது, மனிதன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். இஞ்சேரும் பெர்னடெற், இந்த றாலுக்கு ஏன் நாலு கால் இருக்குது என்று கேட்டார் பார், எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அன்று இருவரும் பருப்பும் சோறும்தான். அந்தச் சட்டியை மூன்று தரம் கழுவிப் பார்த்துவிட்டுப் பிறகு எறிந்தே விட்டோம்.

அதில் ஒரு குஞ்சை எடுத்து, நீ எழுதியபடி சாமணத்தால் பிடித்து, இடியப்பத்தின் மூக்குக்கு முன்னால் மெல்ல ஆட்டினேன். எனக்குப் பாம்பென்றால் எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும், ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் ஆட்டினேன். அது என்னை ஒருக்கால் பார்த்தது, நாக்கை நீட்டியது, திரும்பிக் கடதாசிக்கு அடியில் போய்விட்டது. சாப்பிடு ராசா, அம்மாவுக்காக ஒரு வாய் என்று அரை மணித்தியாலம் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது உன் முகம் வேலை முடிந்து வாடிப்போயிருந்தது, இதையும் சொல்லி இவளை ஏன் கவலைப்படுத்துவான் என்று ஓம், நல்லாச் சாப்பிட்டது என்றேன். நீ கையைத் தட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பால் வந்த வினை, அடுத்த கிழமை இன்னும் வேணும் மாதிரிப் பார்க்குது என்று சொன்னேன், அதற்கடுத்த கிழமை கொஞ்சம் கொழுத்துப் போச்சுது என்றுகூடச் சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்லிவிட்டு உன்னிடமே வழி கேட்க ஏலுமா, நீயே சொல்லு.

பக்கத்து வீட்டு நகுலேஸ்வரி அக்காவுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்வந்த கையோடு செம்பில் பால் கொண்டுவந்தா. வீடு தேடி வந்த சீவன், பால் வையும் என்றா. இது வீடு தேடி வரேல்லை அக்கா, மகள் கடையிலை வாங்கினது, பாலும் குடிக்காது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் பெட்டிக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றா. கண்ணைத் திறக்கிற நேரம் பார்த்து அது வாலை ஒருக்கால் அசைத்தது, அக்கா படியிறங்கின வேகத்தை நான் இத்தனை வருடத்தில் கண்டதில்லை. அந்தப் பாலில் அப்பா ரீ போட்டுக் குடித்தார்.

ஆனால் மகள், சிரிப்பெல்லாம் அதோடு சரி. கேக்குக்கு மா நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன், நீ போகும்போது ஏழு கிராம் என்று எழுதியிருந்தாய், ஐந்தாம் கிழமை ஐந்தரை. முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. ஓம், கையில் எடுத்தேன், பயம் எங்கே போனதென்று எனக்கே தெரியாது. என் பொய்யால் ஒரு சீவன் சாகப்போகுது என்று குசினியில் இருந்து அழுதேன். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு, எழும்பும், விஷயம் தெரிஞ்ச ஆரையும் கேப்பம் என்றார்.

மீனும் ஓணானும் விற்கிற கடைக்குப் போனோம். டெனிஸ் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண், கழுத்தில் ஒரு பல்லியோடு நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், ஒரு நாளைக்கு எத்தனை தரம் எட்டிப் பார்ப்பீர்கள் என்றாள். கனக்க இல்லை, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் என்றேன். அவள் சிரித்துவிட்டு, அதைச் சாப்பிட வந்த ஆளென்று அது உங்களை நினைக்கிறது, குஞ்சின் தலையில் ஊசியால் ஒரு துளை போட்டு மணம் வரவைத்து, சின்னப் பெட்டியில் இரண்டையும் விட்டு மூடிவிட்டு வீட்டைவிட்டே வெளியே போங்கள், வந்தும் அவசரமாகத் திறக்காதீர்கள் என்றாள். பக்கத்தில் நின்று சாப்பிட வைத்துப் பழகினவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா.

சனிக்கிழமை காலை ஊசியைக் கையில் எடுத்தேன், எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடம் லண்டன் தெருவில் பயமில்லாமல் பஸ் ஓட்டியும், பாம்புக்குப் பயந்து உன் அறை வாசலைத் தாண்டாத அப்பாதான் சிலுவை போட்டுக்கொண்டு வந்து அந்த வேலையைச் செய்தார். பிறகு என்னைக் குரோய்டனுக்கு மேர்வின் மாமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் ஒரு தரம், ட்ராமில் ஒரு தரம், மாமி ரோல்ஸ் வைக்கும்போது ஒரு தரம், திரும்பிப் போவம் என்றேன். நீர் போய்ப் பார்த்தால் அது சாப்பிடாது, நீர் இங்கை இருந்து ரோல்ஸைச் சாப்பிடும் என்றார்.

பின்னேரம் ஆறு மணிக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். குஞ்சு இல்லை. இடியப்பம் சுருண்டு கிடக்கிறது, நடு வயிற்றில் நாடாவில் முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு வீக்கம். நான் போட்ட கத்தலில் செத்துப்போச்சுதாக்கும் என்று அப்பா முழங்காலையும் மறந்து மேலே ஓடிவந்தார். வீக்கத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்து, கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒன்றாக இரண்டு சாப்பிட்டிருக்கிறது, முந்தநாள் நிறுத்தேன், ஏழரை கிராம். இது சத்தியம், தராசைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

இனி உன் விஷயம். நேற்று நீ போனைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நடந்தபோது பின்னால் அடுப்புத் தெரிந்தது. கடையில் இருந்து வந்தபடி, சட்டி வைக்கிற கண்ணாடிக்கு மேல் ஒட்டின ஸ்டிக்கர் இன்னும் அப்படியே இருக்கிறது, ஒரு நாளாவது மூட்டியிருந்தால் கருகியிருக்கும். நீ போய் எட்டுக் கிழமை. சோறு காய்ச்சினேன், கோழிக்கறி வைத்தேன் என்று ஒவ்வொரு நாளும் நீ சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், என் மடியிலும் கனம் இருந்ததால் பேசாமல் இருந்தேன். நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் போன் எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டால் நீயும் வேறென்ன சொல்லுவாய். இனி நாளுக்கு ஒருக்கால்தான் எடுப்பேன், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு தரம் எடுப்பேன், அதைக் கணக்கில் சேர்க்காதே.

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். அங்கே குளிர் தொடங்குகிறது, மேல்சட்டை இல்லாமல் வெளிக்கிடாதே. அந்த ஸ்டிக்கரைச் சூடான ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தால் கறை பிடிக்காமல் வரும்.

என்றும் உன் அன்பு அம்மா,
பெர்னடெற் செபமாலைமுத்து